சோபாவுக்கு மேலே ஒரு சாண்

முதலில் சோபாவில்தான் உட்காருவார் மார்லிஸ் பெர்க்ஸ்ட்ராம். படம் மாட்ட வந்தவர் சுவரை அல்லவா பார்க்க வேண்டும்? பார்க்க மாட்டார். வாசலில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பளிக் காலுறையோடு நேராக வந்து, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். இடது மூலையில் ஒரு நிமிடம், நடுவில் ஒரு நிமிடம், வலது மூலையில் ஒரு நிமிடம். தலையைப் பின்னால் சாய்த்து, பின்னந்தலை எங்கே போய் இடிக்கிறது என்று பார்த்துக்கொள்வார். ‘‘இங்க வழக்கமா யாரு உக்காருவாங்க? அவங்களுக்கு என்ன உசரம்?’’ என்பதுதான் முதல் கேள்வி. என்ன படம், எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவின் வட கோடியில், ஏரிக்கரை ஊரான டுலூத்தின் மேட்டுத் தெருக்களில் இருபத்தாறு வருடமாக அவருக்கு இதுதான் தொழில். அதற்கு முன் கீழே துறைமுகத்துப் பக்கம், படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். கடை மூடிய அன்று முதலாளி கையில் இருந்ததைக் கொடுத்து அனுப்பினார். இருந்தது ஒரு சுத்தியல். ‘‘மத்தவங்களுக்குக் கடிகாரம் குடுப்பாங்க. எனக்குச் சுத்தியல். கடிகாரம் குடுத்திருந்தா இந்நேரம் வீட்டுல உக்காந்து மணி பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்’’ என்பார்.

வயது அறுபத்து மூன்று. நெட்டையான பெண்மணி, ஒட்ட வெட்டிய நரைமுடி. வலது காதுக்கு மேலே தச்சர்கள் வைத்திருக்கிற தட்டைப் பென்சில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடும்போதுகூட அது அங்கேதான் இருக்கும். கக்கத்தில் ஒரு சுருள் பழுப்புக் காகிதம். அந்தக் காகிதம்தான் அவருடைய வித்தையில் பாதி. எந்தப் படத்தையும் அவர் முதல் நாள் மாட்டியதில்லை. படத்தின் அளவுக்குக் காகிதத்தை வெட்டி, சோபாவுக்கு மேலே ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். வீட்டுக்காரர்கள் விழிப்பார்கள். ‘‘மூணு நாள் இதப் பாத்துக்கிட்டே இருங்க. சண்டை போடணும்னா காகிதத்துக்கிட்டயே போட்டு முடிச்சிருங்க. நாலாம் நாள் வர்றேன்’’ என்பார். நாலாம் நாள் போனால் காகிதம் பெரும்பாலும் இடம் மாறியிருக்கும். சில வீடுகளில் கிழிந்திருக்கும். ஒரு வீட்டில் காகிதத்தின் மேல் குழந்தை ஒரு குதிரை வரைந்திருந்தது. அதையே சட்டம் போட்டு மாட்டச் சொன்னார் மார்லிஸ். இன்றும் அந்த வீட்டில் அதுதான் தொங்குகிறது.

படம் தேர்ந்தெடுக்கிறவர்களிடம் அவருக்குக் கறாரான சில பேச்சுகள் உண்டு. ‘‘தலகாணி கலருக்குப் படம் வாங்காதீங்க. தலகாணி ரெண்டு வருஷத்துல பஞ்சு பஞ்சாப் போயிரும். அப்புறம் படத்துக்கு ஏத்த தலகாணி தேடி அலையணும்.’’ சோபா மூன்று பங்கென்றால் படம் இரண்டு பங்கு அகலம். சோபா முதுகிலிருந்து ஒரு சாண் உயரம், அவருடைய சாண். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே சாண் போட்டுத்தான் அளப்பார். ‘‘இந்த ஊர்ல எல்லாரும் படத்தக் கொண்டுபோய் ஆகாசத்துல மாட்டுறாங்க. படம் சோபாவோட ஆளு. சீலிங்கோட ஆளு இல்ல.’’

பழைய வீடுகளின் சுவர்கள் சிமெண்டும் அல்ல, பலகையும் அல்ல. மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடித்து அதன்மேல் சுண்ணாம்பு பூசிய சுவர்கள். நூறு வருடத்துச் சுண்ணாம்பு. தப்பான இடத்தில் தப்பான ஆணியை அடித்தால் பொருக்குப் பொருக்காகக் கொட்டும். மார்லிஸ் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். அடிப்பது சின்ன ஆணிகள், அதுவும் சாய்வாக. நுனி பட்டியைத் தாண்டாது. பாரமான படமென்றால் ஒன்றுக்கு மூன்று கொக்கி. ‘‘பெரிய ஆணி பயந்தவன் அடிக்கிறது’’ என்பார்.

வேனில் முன்சீட்டுக்குக் கீழே ஒரு காப்பித் தகரடப்பா இருக்கிறது. பிறர் அடித்துவைத்து அவர் பிடுங்கிய ஆணிகளெல்லாம் அதில் கிடக்கின்றன. யாராவது ‘‘ஒரு படம் மாட்ட எதுக்கு ஆளு? நானே அடிச்சிருவேன்’’ என்றால் போதும், டப்பாவைக் கொண்டுவந்து கலகலவென்று ஆட்டுவார். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு கதை. கூரைத் தகடு அடிக்கிற ஆணியில் கல்யாணப் படத்தை மாட்டிய பல் டாக்டர். ஆணி கிடைக்காமல் முள்கரண்டியை அடித்துச் செருகிய புது மாப்பிள்ளை. தண்ணீர்க் குழாயில் ஓட்டை போட்டு, படத்துக்குப் பின்னாலிருந்து அருவி கொட்டவைத்த வாத்தியார். கதை முடிந்ததும் மூடியைத் தட்டி மூடிவிட்டு ஒரு வார்த்தை சொல்வார்: ‘‘இதுல என் ஆணி ஒண்ணுகூட இல்ல.’’

இத்தனை பேச்சுப் பேசுகிறவரின் வீட்டில், அவருடைய சொந்த சோபாவுக்கு மேலே, ஆறு வருடமாக ஒட்டிக்கொண்டிருப்பது வெறும் பழுப்புக் காகிதம். கேட்டால், ‘‘இன்னும் சண்டை முடியல’’ என்பார். தனியாக வாழ்கிறவர்.

ஒரு மார்ச் மாதத்தில் வயோலா கங்காஸ் அவரைக் கூப்பிட்டார். எழுபத்தாறு வயது. கணவர் ரெய்னோவுக்கு எழுபத்தொன்பது. முப்பத்து நான்கு வருடம் இரும்புத்தாது ஏற்றும் துறைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இலையுதிர்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்பு எலும்பை மாற்றி வைத்திருந்தார்கள். மாடி ஏற முடியாது என்பதால் சாப்பாட்டு அறையே அவருக்குப் படுக்கையறை ஆனது. சாப்பாட்டு மேசை மினியாபொலிஸில் இருக்கும் மகள் ஜனிஸ் வீட்டுக்குப் போயிற்று. போகும்போது ஜனிஸ் ஏணி, சுத்தியல், ரம்பம் என்று அப்பா கை வைக்கக்கூடிய எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வயோலா வாங்கி வைத்திருந்த படம் நாலடி அகலம். பனிக்கட்டி உடைகிற நேரத்து ஏரி. சாம்பல் மேல் சாம்பல். ‘‘அம்பது வருஷமா அந்த இடத்துல ஒரு கண்ணாடி தொங்குச்சு. எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். போதும்னு ஆயிருச்சு’’ என்றார் வயோலா.

‘‘சன்னலத் தொறந்தா அதே ஏரி சும்மா தெரியுது’’ என்றார் எதிரே சாய்வு நாற்காலியில் இருந்த ரெய்னோ. ‘‘அதுவாவது ஆடும்.’’

‘‘ரெய்னோ, நீ சும்மா இரு.’’

சும்மா இருக்கவில்லை. மடியில் ஒளித்து வைத்திருந்த ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டினார். எழுபத்து மூன்றாம் வருடத்துப் புகைப்படம். தொப்பி போட்ட இளைஞர் ரெய்னோ, கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மீனைவிட அவர் வாய்தான் அகலமாகத் திறந்திருக்கிறது.

‘‘இதுவும் அந்த ஏரி மீன்தாம்மா. பக்கத்துல மாட்டிரு. அது பாட்டுக்கு இருக்கும்.’’

மார்லிஸ் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருந்தது. ‘‘பெரிய படத்துக்குப் பக்கத்துல இத வச்சா மாட்டுக்குப் பக்கத்துல கன்னுக்குட்டி நிக்கிற மாதிரி இருக்கும். இது நடைக்கூடத்துக்கு நல்லா இருக்கும்’’ என்றார்.

‘‘நடைக்கூடத்துல யாரு உக்காந்து பாப்பா?’’ என்றார் ரெய்னோ. படத்தைத் திரும்ப வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

காகிதம் ஒட்டி, மூன்று நாள் கழிந்து, புதன்கிழமை காலையில் மார்லிஸ் ஏரியை மாட்டினார். கடைசிக் கொக்கியை அடிக்கும்போதே வயோலா கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தேவாலயத்தில் ஒரு சாவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி நறுக்க ஆள் வேண்டியிருந்தது. மார்லிஸ் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார், சோபாவில் மூன்று இடத்திலும் உட்கார்ந்து பார்த்தார், ரெய்னோவிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை வயோலாவின் குரல் போனில் வந்தது. அந்த ஊர்க் குரல். தலை போகிற விஷயத்தையும் பனி விழுவதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் ஆரம்பிக்கும்.

‘‘ராத்திரி கொஞ்சம் விழுந்துருக்கு போல.’’

‘‘கொஞ்சம்தான்’’ என்றார் மார்லிஸ்.

‘‘படம் நல்லாருக்கு. குறை ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அந்த இழுப்புக் கதவுதான்... நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து வெளிய வர மாட்டேங்குது. உங்களால இருக்காது. இருந்தாலும் சொல்லி வைக்கலாம்னு.’’

இழுப்புக் கதவு. சாப்பாட்டு அறைக்கும் கூடத்துக்கும் நடுவே, திறந்தால் சுவருக்குள்ளேயே நுழைந்து மறைந்துகொள்ளும் ஒற்றைக் கதவு. அந்தக் காலத்து வீடுகளில் எல்லாம் உண்டு. ஓக் மரம், ஓராள் பாரம், வீட்டோடு பிறந்தது. அது நுழைகிற சுவர்தான் சோபாவுக்குப் பின்னால் இருக்கிற சுவர்.

‘‘நாளைக்கு ஜனிஸ் வர்றா’’ என்று தொடர்ந்தது குரல். ‘‘கூட ஒரு நர்ஸம்மாவும். அவர் இங்க இருக்கலாமா, இல்ல க்ளோக்கேல அந்த முதியோர் இடத்துக்குப் போகணுமான்னு பாத்துச் சொல்லப் போறாங்க. கதவு இல்லாத ரூமை ரூம்னு ஒத்துக்க மாட்டேன்னு ஜனிஸ் அப்பவே சொல்லிட்டா. சரி, ஒண்ணும் அவசரம் இல்ல.’’

பத்தாவது நிமிடம் மார்லிஸின் வேன் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருடமாக எந்த வீட்டுக்குப் போனாலும் ஆணி எடுக்கும் முன் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ‘‘இந்தச் சுவத்துக்குள்ள கதவு எதுவும் இருக்கா?’’ அன்று கேட்டோமா? கேட்கவில்லை. ஏரியா மீனா என்று அவர்கள் இருவரும் மல்லுக்கட்டியதில் சிரித்துக்கொண்டே விட்டாயிற்று. சரி, சின்ன ஆணிதானே அடித்தோம்? மூன்றில் இரண்டு நிச்சயம் சின்னது. நடுக் கொக்கி இருந்த இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் பொருபொருத்தது ஞாபகம் வந்தது. அங்கே நீள ஆணிக்கு மாற்றினோமா, இல்லை கொக்கியை ஒரு விரல் தள்ளி அடித்தோமா? எவ்வளவு யோசித்தும் கை செய்தது தலைக்கு வரவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், வைத்தார். ஓர் ஆணி அந்தக் கதவைச் சுவரோடு சேர்த்துக் குத்தி நிறுத்தியிருக்கிறது. ஓர் ஆணியால் ஒரு மனுஷனை வீட்டைவிட்டுக் கிளப்ப முடியும் என்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மீன்.

ஏரிக்கு இடது பக்கத்தில், ஏரியின் மேல் விளிம்பையும் தாண்டி, தலை சாய்ந்து, படகிலிருந்து வழுக்கி விழப்போவது போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

‘‘இதையும் நீங்களே மாட்டிக் குடுத்துட்டுப் போயிட்டீங்க’’ என்றார் வயோலா. ‘‘நான் வந்து பாக்குறேன், ரெண்டும் தொங்குது. ரெய்னோவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் பரவால்ல. கொஞ்சம்... வேற மாதிரி இருக்கு.’’

‘வேற மாதிரி இருக்கு’ என்பதைவிடக் கடுமையான வசவு அந்தப் பக்கத்தில் கிடையாது. இருபத்தாறு வருடத்தில் தன் வேலையைப் பார்த்து யாரும் அதைச் சொல்லி மார்லிஸ் கேட்டதில்லை. வாயைத் திறந்தார். சாய்வு நாற்காலியில் ரெய்னோ, முன்னால் நிறுத்தியிருந்த, ஊன்றி நடக்கிற நடைச்சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஏரிப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை அவர் அத்தனை அக்கறையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மார்லிஸ் வாயை மூடிக்கொண்டார். அடுத்தவர் ஆணியைப் பற்றிப் பேசும் முன் தன் ஆணியைப் பார்த்தாக வேண்டும்.

ஏரியைத் தூக்கி இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். முதல் கொக்கியைக் குறடால் பிடுங்கினார். சின்ன ஆணி. நுனியில் வெள்ளைச் சுண்ணாம்பு. மூன்றாவதையும் எடுத்தார், அதுவும் அப்படியே. நடுக் கொக்கியைக் கடைசிக்கு விட்டு வைத்திருந்தார். குறடை வைத்து அழுத்தினார். இழுத்தார். உள்ளங்கையில் வைத்துச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சின்ன ஆணி. நுனியில் வெறும் சுண்ணாம்பு. ஓக் மரத்தின் பழுப்பு ஒரு துளி இல்லை. கொக்கியைத்தான் தள்ளி அடித்திருக்கிறார். கை தன் பாட்டுக்குச் சரியாகச் செய்துவிட்டு, தலையிடம் சொல்லாமல் இருந்திருக்கிறது.

உட்கார்ந்துவிட்டார். சோபாவின் எந்த மூலை என்று பார்க்காமல்.

‘‘காப்பி சாப்பிடுறீங்களா?’’ என்று வயோலா இன்னும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாம் தடவை அரைக் கோப்பை போதும் என்பதுதான் அங்கே முறை. மார்லிஸ் முந்திக்கொண்டார். ‘‘வயோலா, எனக்குக் கொஞ்சம் காப்பி வேணும்.’’

வயோலா ஒரு கணம் அசந்து நின்றார். வீட்டுக்கு வந்தவர் தானாகக் காப்பி கேட்டு அவர் பார்த்ததில்லை. ‘‘ஐயோ, தாராளமா. ஏலக்காய் ரொட்டி கூட இருக்கு’’ என்று முகம் சிவந்து சமையலறைக்கு ஓடினார்.

மார்லிஸ் எழுந்து மீனைக் கழற்றினார். பின்னால் ஒரு பெரிய தலை ஆணி. அதைச் சுற்றிச் சுவரில் சின்னச் சின்னச் சதுரக் குழிகள், கட்டம் போட்ட பிஸ்கட்டை அழுத்தி எடுத்தது போல.

‘‘ரெய்னோ’’ என்றார் தணிந்த குரலில். ‘‘நான் இத மாட்டல.’’

‘‘தெரியும்.’’

‘‘நான் மாட்டினேன்னு சொல்லியிருக்கீங்க.’’

‘‘யாரு மாட்டினதுன்னு வயோலா கேட்டா. வாயில வந்துருச்சு.’’

‘‘சுத்தியல் ஏது உங்களுக்கு?’’

ரெய்னோ தாடையால் சமையலறைப் பக்கம் காட்டினார். ‘‘கறி தட்டுற சுத்தி. பல்லு வச்சது.’’

மார்லிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது.

‘‘சோபா மேல ஏறினீங்களா?’’

‘‘ஏறல.’’

‘‘ரெய்னோ.’’

‘‘முட்டி போட்டேன்.’’ கொஞ்சம் பொறுத்து, ‘‘ஒரு முட்டிதான். நல்ல முட்டி’’ என்றார்.

‘‘ஆணி?’’

‘‘துறைமேடை ஆணி. எண்பத்தி நாலுலேருந்து வச்சிருக்கேன். ஜனிஸ் பெட்டிய எல்லாம் கொண்டுபோயிட்டா, கோட்டுப் பாக்கெட்டப் பாக்கல.’’ அவர் குரல் இறங்கியது. ‘‘கதவு வரலன்னா ஜனிஸ் யோசிப்பா. நான் சோபால ஏறினேன்னு தெரிஞ்சா யோசிக்கக்கூட மாட்டா. அப்பவே பெட்டியக் கட்டிருவா. இந்த வீட்டுலயே இருந்துட்டேம்மா.’’

மார்லிஸ் அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். பகல் முழுக்க அவர் அதில்தான் இருக்கிறார். சோபாவில் உட்காருகிறவர் யார் என்று மூன்று இடத்திலும் உட்கார்ந்து விசாரித்தாயிற்று. எதிரே உட்கார்ந்து பார்க்கப் போகிறவரைக் கேட்கவே இல்லை.

‘‘இங்க பாருங்க. இந்தச் சுவத்துல ஒரு குண்டூசி குத்தணும்னாலும் என்னத்தான் கூப்பிடணும். இனிமே நீங்க சோபால முட்டியோ முழங்கையோ வச்சதாத் தெரிஞ்சா, ஜனிஸுக்கு நானே போன் பண்ணுவேன்.’’

‘‘பண்ணுவியா?’’

‘‘பண்ணுவேன்.’’

‘‘சரி’’ என்றார் ரெய்னோ. அதட்டல் வாங்கியதில் ஏதோ தெம்பு வந்தவர் போலிருந்தார்.

குறடு ஆணித் தலையைக் கவ்வியது. அது வர மனமில்லாமல் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது, விரல் நீளம், அதற்கு மேலும் கொஞ்சம். நுனியில் பழுப்பாக மரத்தூள் சுருண்டு ஒட்டியிருந்தது. மார்லிஸ் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவின் ஓரத்திலிருந்த பித்தளைக் குழியில் விரலைக் கொடுத்து இழுத்தார். சுவருக்குள் தூரத்து இடி போல ஓர் உருளல். ஓக் கதவு மெல்ல வெளியே வந்தது, முழுசாக வந்தது, எதிர்ச் சட்டத்தில் போய் டக்கென்று நின்றது. அந்தச் சத்தத்தில் ரெய்னோ கண்ணை மூடிக்கொண்டார்.

காப்பித் தட்டோடு வயோலா ஓடிவந்தார். ‘‘வந்துருச்சா? என்னவா இருந்துச்சு?’’

‘‘ஒரு ஆணி. எடுத்தாச்சு.’’

வயோலா கதவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மார்லிஸைப் பார்த்தார். பிறகு மிகவும் அன்பான குரலில், ‘‘அதனால என்ன. பழைய வீடு, யாருக்கும் நடக்கிறதுதான். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க’’ என்றார்.

மன்னிப்பு இவ்வளவு கசக்கும் என்று மார்லிஸுக்குத் தெரியாது. ரெய்னோ தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘நான் முதல்லயே கேட்டிருக்கணும், கதவு இருக்கான்னு’’ என்றார் மார்லிஸ். அது உண்மைதான் என்பதால் சொல்ல முடிந்தது. காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகு வேலை. கதவில் ஆணி பட்ட புள்ளியைப் பழுப்பு மெழுகு தேய்த்து அடைத்தார். தெரிந்தவர் காட்டினாலொழிய தெரியாது. ஏரி அதன் இடத்துக்குப் போயிற்று. மிச்சம் மீன். அவருடைய கணக்குப்படி அது இன்னும் நாலு விரல் கீழே வர வேண்டும். கீழே வந்தால் சதுரக் குழிகள் படத்துக்கு மேலே வரிசையாகப் பல்லைக் காட்டும். சோபாவுக்கு மேலே சாண் போட்டார். குழிகளைப் பார்த்தார். மறுபடி சாண் போட்டார். அப்புறம் கையை எடுத்துவிட்டு, சின்ன ஆணியைக் குழிகளுக்கு மேலேயே அடித்து, மீனை மாட்டினார். ரசமட்டத்தை மட்டும் விடவில்லை. மீன் இப்போது நேராக இருந்தது. உயரம் உயரம்தான்.

‘‘கொஞ்சம் உசரமா இல்ல?’’ என்றார் வயோலா.

இருபத்தாறு வருடத்தில் அந்தக் கேள்வியை அவர்தான் பிறரைக் கேட்டிருக்கிறார். ‘‘அந்த நாற்காலியிலேருந்து பாக்குறவருக்கு அதுதான் சரியான உசரம்’’ என்றார் மார்லிஸ்.

‘‘எனக்குச் சரியா இருக்கு’’ என்றார் ரெய்னோ.

சோபாவில் உட்கார்ந்து பார்க்காமலே மார்லிஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சனிக்கிழமை மாலை, அவர் வேனில் இருக்கும்போது போன் வந்தது. பனியைப் பற்றி இரண்டு வார்த்தை ஆயிற்று. உருகிவிடும் போலிருக்கிறது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

‘‘ஜனிஸ் வந்துட்டுப் போனா’’ என்றார் வயோலா. ‘‘கதவ நாலு தடவ இழுத்து இழுத்துப் பாத்தா. நர்ஸம்மா குளியலறைல ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னாங்க. மத்தபடி இங்கயே இருக்கட்டும், நல்லா இருக்காருன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அந்த மீனப் பத்தி அரை மணி நேரம் ரெய்னோ அவங்களுக்குக் கதை சொன்னாரு. போகும்போது மீன் இன்னும் ஒரு முழம் வளந்துருச்சு.’’

‘‘நல்லது’’ என்றார் மார்லிஸ். வேனை ஓரம் கட்டியிருந்தார்.

‘‘இன்னொண்ணு.’’ வயோலாவின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. ‘‘இன்னிக்கு ஜனிஸுக்காகக் கறி பண்ணலாம்னு சுத்திய எடுத்தேன். பல்லெல்லாம் சுண்ணாம்பு. கழுவி எடுத்து வச்சுட்டேன், என் துணி அலமாரியில.’’

மார்லிஸ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

‘‘மீனு இருக்கிற உசரம் சரிதான்’’ என்றார் வயோலா. ‘‘நல்லா யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு.’’

போனை வைத்த பின் மார்லிஸ் சிரித்தார். தனியாக, வேன் கண்ணாடியில் மூச்சு படியும்படி, வாய்விட்டு. சட்டைப் பையிலிருந்து துறைமேடை ஆணியை எடுத்தார். சீட்டுக்குக் கீழே குனிந்து காப்பித் தகரடப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். பல் டாக்டரும் வாத்தியாரும் புது மாப்பிள்ளையும் உள்ளே கிடந்தார்கள். இதைவிட நல்ல கதை அந்த டப்பாவில் இல்லை. ஆணியைக் கொஞ்ச நேரம் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை மூடிச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, பக்கத்தில் கிடந்த தன் வேலைப் பையின் வாரைத் தளர்த்தி, தன்னுடைய சின்ன ஆணிகளுக்கு நடுவே அதைப் போட்டுக்கொண்டார்.